உருவறிந்து பற்றும் உலோகம்

நூல் என்னும் சொல் தமிழில் இரு பொருள் பயப்பது. தறியில் ஓடுவதும் நூல். கற்றோர் இயற்றுவதும் நூல். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திற் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் வைத்து இவ்விரு பொருளையும் ஒன்றாக்கிக் காட்டினார். தறியொலி கேட்கும் சங்கரன்கோவிலில் வாழ்ந்து தமிழிலக்கணம் பயிலும் எமக்கு இவ்வுவமை புதிதன்று. ஆயின், உவமையளவில் நில்லாது மெய்யாகவே இழையும் ஏடுமாய் அமைந்த பொருளொன்று நம் ஒவ்வொருவர் உடலினுள்ளும் உளதென்று இற்றை விஞ்ஞானம் காட்டுகின்றது. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர்.

அவ்விழை சிற்சில இடங்களில் இயல்பு திரிந்து, மடிப்பும் முடிச்சுமாய் நிற்கும். அங்ஙனம் திரிந்த இடங்களையே தேடிப் பற்றும் உலோகச் சேர்மங்களை இரசாயன நூலார் இக்காலத்து ஆக்கி வருகின்றனர். அவற்றின் இயல்பையும் பயனையும் எல்லையையும் ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். இது விஞ்ஞான மாணவர்க்கே உரிய பொருளன்றோ எனின், அன்று. புற்றுநோய்க்கு மருந்துண்டு, அம்மருந்தாலேயே வாடுவோரை நம் ஊர்களிற் காணாதார் இலர். மருந்து ஏன் வருத்துகின்றது, வருத்தம் குறைந்த மருந்து கூடுமோ என்னும் வினாக்கள் யாவர்க்கும் உரியன.

1. இழையும் ஏடும்

டி.என்.ஏ.யின் வடிவை 1953 ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் இருவர் வெளியிட்டனர். ரோசலிண்ட் பிராங்கிளின் அம்மையாரின் ஆய்வகத்தில் எடுக்கப்பெற்ற எக்ஸ்-கதிர்ப் படங்கள் அதற்குப் பெருந்துணை புரிந்தன. இரண்டு புரிகள் ஒன்றையொன்று வலமாகச் சுற்றி முறுக்கிய கயிறு போல்வது அவ்வடிவு. இதனை நாம் இருபுரி என்போம். அதன் பருமன் 2 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர் ஆகும்.

இவ்வேட்டின் எழுத்துக்கள் நான்கு: அடெனின், தைமின், குவானின், சைட்டோசின். அடெனின் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும் இணைந்து ஏணிப்படி போல் இரு புரிகளையும் பிணிக்கும். பெற்றோருள் ஒருவர் வழியாக நமக்கு வரும் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்திணைகள் உள. ஓர் உயிரணுவிலுள்ள இழை முழுவதையும் நீட்டி வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளும். கண்ணுக்குத் தோன்றாத சிற்றறையில் இத்துணை நீண்ட இழை சிக்கறாது அடங்கியிருத்தலும், வேண்டியபோது விரிந்து படிக்கப்படுதலும் எண்ணுந்தொறும் வியப்பளிப்பன.

விகாரப் புணர்ச்சி தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்று இலக்கணம் கற்றோர் அறிவர். இவ்வேட்டிலும் எழுத்து மிகுதலும், ஒன்று மற்றொன்றாய்த் திரிதலும், கெடுதலும் நிகழ்கின்றன. அத்தகைய பிழைகள் பல ஓரிடத்தே திரளும்போது உயிரணு தன் வரம்பு மறந்து பெருகத் தொடங்கும். அதுவே புற்று. எனினும் ஈண்டு நாம் ஆராயப் புகுவது எழுத்தின் திரிபை அன்று. இழையின் உருவத் திரிபை.

2. திரிந்த வடிவுகள்

இருபுரியே டி.என்.ஏ.யின் ஒரே வடிவு அன்று. இழை இடமாக முறுக்குண்டு நிற்கும் வடிவம் ஒன்றுண்டு. அதனை 1979 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ரிச் என்பார் குழுவினர் படிகத்திற் கண்டனர். வலம்புரி, இடம்புரி எனச் சங்கினை வகுத்த தமிழர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

மூன்று இருபுரிகள் ஒரு புள்ளியிற் கூடும் வடிவம் மற்றொன்று. இதற்குப் புதுச்சொல் தேட வேண்டா; முச்சந்தி என்பதே அமையும். உயிரணு பிரியுமுன் இழையைப் படியெடுக்கும்போது, ஒரு கயிறு இரண்டாகப் பிரியும் கவடு தோன்றுமன்றோ? அஃது ஒருவகை முச்சந்தியே. நான்கு கைகள் கூடுவது நாற்சந்தி. பெற்றோர்வழிக் குரோமோசோம்கள் தம்முள் பகுதிகளை மாற்றிக்கொள்ளும் இடம் அதுவென 1964 ஆம் ஆண்டில் இராபின் ஹாலிடே என்பார் உரைத்தார்.

இவை எல்லாவற்றினும் பெரிதும் ஆராயப்பட்டது நாற்புரி. குவானின் அடங்கிய பொருளின் கரைசல் கூழ்போல் உறைதலை 1910 ஆம் ஆண்டிலேயே பாங்கு என்னும் ஆய்வாளர் கண்டார். காரணம் அப்போது விளங்கவில்லை. 1962 ஆம் ஆண்டிற் கெல்லர்ட்டும் அவருடன் ஆய்ந்தோரும், நான்கு குவானின்கள் சதுரமாகக் கைகோத்து நிற்றலே காரணம் என நிறுவினர். அத்தகைய சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படின் நாற்புரி ஆகும். அடுக்குகளின் நடுவே பொட்டாசிய அயனி அமர்ந்து அவற்றை நிலைநிறுத்தும். ஆகவே, உலோகத்தைக் கொண்டு இழையை நிறுத்தும் கலையை மனிதன் புதிதாகக் கண்டான் அல்லன். படைப்பிலேயே அஃது உளது.

நாற்புரி எங்கே தோன்றும்? குரோமோசோமின் நுனி டெலோமியர் எனப்படும். ஆடையின் நுனி பிரியாதிருக்க முடிந்துவைத்தல் போல, குரோமோசோம் சிதையாதவாறு காப்பது அது. மனிதரிடத்து அந்நுனி தைமின், தைமின், அடெனின், குவானின், குவானின், குவானின் என்னும் ஆறெழுத்துத் தொடர் பன்முறை அடுக்கி வருவது. குவானின் மும்மூன்றாய் வருதலின் அது நாற்புரியாக மடிதல் எளிது. உயிரணு பிரியுந்தோறும் நுனி குறுகும். குறுகிய நுனியை மீண்டும் வளர்ப்பது டெலோமரேசு என்னும் நொதி. டெலோமியரையும் அந்நொதியையும் பற்றிய ஆராய்ச்சிக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரெய்டர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவர் 2009 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் உறங்கும் அந்நொதி, புற்றுநோய்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 85இல் விழித்து வேலை செய்கின்றது. நுனி நாற்புரியாக மடிந்துவிடின் நொதி அதனைப் பற்ற இயலாது. ஆதலின், நாற்புரியை மடிந்தவாறே நிறுத்தும் பொருளொன்று கிடைப்பின், புற்றின் பெருக்கத்தைத் தடுக்கலாம் என்னும் எண்ணம் பிறந்தது.

சோதனைக் குழாயிற் கண்ட நாற்புரி உயிருள்ள அணுவிலும் உண்டோ என்னும் ஐயம் நெடுநாள் நிலவிற்று. அதனைத் தீர்த்தோருள் முதல்வர் 1966 ஆம் ஆண்டிற் சென்னையிற் பிறந்து, இளங்குழவியாகவே இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜிற் பேராசிரியராய் விளங்கும் சங்கர் பாலசுப்பிரமணியன் ஆவார். நாற்புரியை மட்டும் பற்றும் புரதமொன்றைக் கொண்டு, மனித உயிரணுக்களில் அது நிற்கும் இடங்களை 2013 ஆம் ஆண்டில் அவர் குழுவினர் ஒளிப்புள்ளிகளாய்க் காட்டினர். மனித இழையில் நாற்புரி தோன்றக்கூடிய இடங்கள் 7 இலட்சத்துக்கு மேற்பட்டன என்பதை 2015 ஆம் ஆண்டில் அவர்களே கண்டனர்.

3. எழுத்தைப் பற்றும் மருந்து

உலோகத்தாற் புற்றை மாற்றும் முயற்சி பழையதே. 19 ஆம் நூற்றாண்டின் இடையிற் பெய்ரோன் என்னும் இத்தாலியர் ஆக்கிய பிளாட்டினச் சேர்மமொன்று நூறாண்டுக்கு மேலாக மருந்தென அறியப்படாதே கிடந்தது. 1965 ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய பார்னெட் ரோசன்பர்க், நுண்ணுயிர்களின்மேல் மின்சாரத்தின் செயலை ஆராய்ந்தார். அவை பிரியாமல் நீண்டுகொண்டே போதலைக் கண்டு காரணம் தேடினார். காரணம் மின்சாரம் அன்று. மின்வாயிலிருந்து கரைந்த பிளாட்டினம். இதன் வழியே சிஸ்பிளாட்டின் என்னும் அம்மருந்து 1978 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. விதைப்பையில் தோன்றும் புற்று முதலியவற்றில் அதனால் உயிர்பிழைத்தோர் பலர்.

அது செய்வது யாது? இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குவானின்களைப் பற்றி அவ்விடத்தை வளைத்துவிடும். வளைந்த இழையைப் படியெடுக்க மாட்டாமல் உயிரணு மடியும். ஆனால் குவானின் இல்லாத உயிரணு உண்டோ? நல்லணுவிலும் புற்றணுவிலும் எழுத்து ஒன்றே. ஆதலின், விரைந்து பெருகும் புற்று பெரிதும் மடியினும், சிறுநீரகமும் செவியும் நரம்பும் உடன் வருந்துகின்றன, வாந்தி வாட்டுகின்றது. இம்மருந்தின் குறை வலிமைக் குறை அன்று; தெரிவுக் குறை. களையையும் பயிரையும் ஒருங்கே அரியும் அரிவாள் எத்துணைக் கூரியதாயினும் களையெடுக்கும் கருவி ஆகாது.

4. அணைவும் உருவும்

எழுத்தைப் பற்றாமல் உருவைப் பற்றினால் என்? நெசவாளர் இழையின் நிறமறிய விளக்கு வேண்டும்; முடிச்சறிய விரலே போதும். டி.என்.ஏ.யின் முடிச்சை அறிய அத்தகைய விரல் எங்கே கிடைக்கும்?

உலோகமே அதற்கு வழி காட்டிற்று. ஓர் உலோக அணு தன்னைச் சூழ்ந்த பிற மூலக்கூறுகளைக் குறித்த எண்ணிலும் குறித்த திசையிலும் அணைத்து நிற்கும் என்று விளக்கி, 1913 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார் ஆல்பிரட் வெர்னர். அணைக்கப்படும் மூலக்கூறு ஈனி எனவும், அணைந்து நிற்பது அணைவுச் சேர்மம் எனவும் பெயர் பெறும். சில உலோகங்கள் நான்கு ஈனிமுனைகளைத் தட்டையான சதுரமாக நிறுத்தும். சில ஆறு முனைகளை எண்முகமாக நிறுத்தும். கொத்தனார் மூலைமட்டம் வைத்துச் சுவர் எழுப்புதல்போல, உலோகத்தை மூலையாக வைத்து வேண்டிய உருவத்தைக் கட்டலாம். ஈனிகளையும் உலோக உப்பையும் கரைசலிற் கலந்தால், அவை தாமே கூடி உரிய வடிவில் அமைகின்றன. இவ்வாறு பல மூலக்கூறுகள் கூடி உருவாகும் பெருவடிவை மீமூலக்கூறு எனலாம். இத்துறைக்கு அடிகோலிய லென், கிராம், பெடர்சன் ஆகிய மூவர் 1987 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

5. முச்சந்தியில் அமர்ந்த உருளை

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்து மைக்கேல் ஹானன் குழுவினர் ஆராய்ந்த உருளை இத்துறையிற் சிறந்த சான்று. நீண்ட ஈனிகள் மூன்று, இரண்டு இரும்பணுக்களைச் சுற்றி முறுக்குண்டு நிற்பது அது. ஒவ்வோர் ஈனியும் தன் ஒவ்வொரு தலையிலும் இரண்டு நைட்ரஜன்களை நீட்டும். மூன்று ஈனிகளின் இரண்டிரண்டு நைட்ரஜன்கள் சேர்ந்து ஆறாகும்; எண்முகமாய் அணைக்கும் இரும்புக்கு வேண்டுவதும் ஆறே. உருளையின் நீளம் ஏறத்தாழ 2 நானோமீட்டர். பருமன் அதிற் பாதி. அதன் நேர்மின்னேற்றம் நான்கு. டி.என்.ஏ.யோ எதிர்மின்னேற்றம் உடையது. ஆகவே ஒன்றையொன்று ஈர்த்தல் இயல்பு.

இவ்வீர்ப்பொன்றே போதுமாயின் உருளை எங்கும் ஒட்டும், தெரிவு உண்டாகாது. 2006 ஆம் ஆண்டில் ஹானன் குழுவினரும் பார்சிலோனா நகரத்து மிகுவெல் கோல் குழுவினரும் வெளியிட்ட படிகப்படம் பிறிதொன்றைக் காட்டிற்று. உருளை முச்சந்தியின் நட்டநடுவே அமர்ந்திருந்தது. மூன்று கைகள் கூடுமிடத்தில் முக்கோண வடிவான குழியொன்று உண்டாகின்றது. மூன்று ஈனிகளாலான உருளையும் மும்முகச் சமச்சீர் உடையது. குழிக்கு உருளை, உருளைக்குக் குழி எனப் பொருந்தின. ஈனியின் வளையங்கள் இழையின் எழுத்துக்களோடு முகம் பொருந்தி அடுக்குற்றன. பூட்டும் திறவுகோலும் போல உயிர்ப்பொருள்கள் பொருந்துகின்றன என்று எமில் பிஷர் 1894 ஆம் ஆண்டில் உரைத்தது இங்கே கண்கூடாயிற்று. இதன்கண் கருதத்தக்கது யாதெனின், உருளை எந்த எழுத்தையும் படிக்கவில்லை. சந்தியின் உருவத்தையே அறிந்தது.

6. நாற்புரியின்மேல் வைத்த தகடு

நாற்புரிக்கு வேறு வடிவு வேண்டும். அதன் உச்சி அகன்ற சதுரம். இருபுரியின் படியோ குறுகியது. ஆதலின், அகன்ற தட்டையான சேர்மம் நாற்புரியின் உச்சியில் நன்கு அமரும். இருபுரியின் படிகளுக்கிடையே நுழைய இடர்ப்படும். இதனைக் கருதி இலண்டனில் இராமோன் விலார், ஸ்டீபன் நீடில் ஆகியோர் நிக்கலைச் சதுரத் தளத்தில் அணைத்த சேர்மங்களை ஆக்கி, அவை நாற்புரியை நிலைநிறுத்தி டெலோமரேசைத் தடுத்தலை 2006 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

வலம் இடம் என்னும் வேறுபாடும் இங்கே பயன்படுகின்றது. மேற்கூறிய உருளையை நிக்கல் கொண்டும் ஆக்கலாம்; அது வலமாகவும் முறுக்குண்ணும், இடமாகவும் முறுக்குண்ணும். 2008 ஆம் ஆண்டிற் சீனத்துச் சாங்சுன் நகர ஆய்வாளர், வலமாக முறுக்குண்ட நிக்கல் உருளையே மனித டெலோமியரின் நாற்புரியைத் தெரிந்து பற்றுகின்றது என்றும், இடமுறுக்கினதற்கு அத்திறம் இல்லை என்றும் கண்டனர். இரண்டிலும் அணுக்கள் ஒன்றே, எண்ணிக்கை ஒன்றே. முறுக்கு ஒன்றே வேறு. வலக்கைக்கு உரிய உறையில் இடக்கை புகாதது போலும்.

சில சேர்மங்கள் விளக்காகவும் பயன்படுகின்றன. நீரில் ஒளிராது, டி.என்.ஏ.யிற் பொருந்தியவுடன் ஒளிரும் ருத்தேனியச் சேர்மத்தை 1990 ஆம் ஆண்டில் ஜாக்குலின் பார்ட்டன் அம்மையாரும் பிறரும் வெளியிட்டனர். 2009 ஆம் ஆண்டில் ஷெபீல்டு நகரத்து ஜிம் தாமஸ் குழுவினர் இரண்டு ருத்தேனிய அணுக்கள் கொண்ட சேர்மமொன்றை உயிருள்ள அணுக்களிற் செலுத்தினர். இருபுரியிற் பொருந்தியபோது ஒரு நிறமும், நாற்புரியிற் பொருந்தியபோது சற்றே வேறுபட்ட நிறமும் அது காட்டும். நோயை மாற்றுவதற்கு முன் நோயிடத்தைக் காண்டல் வேண்டுமன்றோ?

7. நம் நாட்டார் பணி

இழையின் உருவை ஆராயும் கலையிற் சென்னைக்குச் சிறப்பான இடம் உண்டு. தோலுக்கும் எலும்புக்கும் உரம் தரும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று புரிகளால் ஆயது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது டி.என்.ஏ. அன்றாயினும், எக்ஸ்-கதிர்ப் படத்தினின்று புரியின் எண்ணையும் முறுக்கையும் உய்த்துணரும் முறை ஒன்றே. பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பழனியாண்டவர், செம்பு, ருத்தேனியம் முதலிய உலோகங்களின் அணைவுச் சேர்மங்கள் டி.என்.ஏ.யைப் பற்றும் விதத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து நூற்றுக்கணக்கான பக்கங்களில் வரைந்துள்ளார். இத்துறை கடல்கடந்த நாட்டார்க்கே உரியதன்று என்பதற்கு இவை சான்று.

8. முடிச்செல்லாம் நோயன்று

இனி, இவற்றின் எல்லையையும் கூறுதல் கடன். மேற்சொன்ன உருளைகளும் தகடுகளும் ஆய்வகத்துப் பொருள்களே. இவற்றுள் எதுவும் இன்றளவும் மருந்தென ஒப்புதல் பெற்றதில்லை. குடுவையில் வளர்த்த புற்றணுக்களின் பெருக்கம் குன்றுதல் வேறு; நோயாளி நலம் பெறுதல் வேறு. உடலினுட் செல்லும் சேர்மம் குருதியிற் சிதையாதிருத்தல் வேண்டும். உயிரணுவினுட் புகுதல் வேண்டும். தன் பணி முடிந்தபின் தீங்கின்றி வெளியேறல் வேண்டும்.

இவற்றினும் பெரியதொரு வினா உண்டு. முச்சந்தியும் நாற்புரியும் புற்றணுவுக்கே உரியன அல்ல. நல்லணு பிரியும்போதும் இழையிற் கவடு தோன்றும். நல்லணுவிலும் நாற்புரி உண்டு. எந்தப் பகுதி எப்போது படிக்கப்பட வேண்டும் என்பதை வகுத்தலில் அதற்குப் பங்குண்டென அறிஞர் கருதுகின்றனர். முடிச்செல்லாம் நோயன்று, சில முடிச்சு ஆடையின் காவல். ஆகவே, எழுத்தினின்று உருவிற்கு முன்னேறிய அறிஞர், உருவங்களுள்ளும் இன்ன உருவம், இன்ன இடத்து உருவம் என வேறுபடுத்தும் சேர்மத்தைத் தேடுகின்றனர். இதற்காகவே, சிறிதளவு நாற்புரியோடு பன்மடங்கு இருபுரியைக் கலந்து, சேர்மம் எதனைப் பற்றுகின்றது எனச் சோதிக்கின்றனர். கூட்டத்தினுள்ளும் தனக்குரியதையே பற்றுவதன்றோ தெரிவு! செய்தித்தாளிற் புதுச்சேர்மம் ஒன்றின் பெயர் கண்டவுடன் புற்றுக்கு மருந்து வந்துவிட்டது என மகிழ்தலும், மருத்துவர் தரும் மருந்தை விடுதலும் கூடா. எதைப் பற்றியது, எதைப் பற்றாது விட்டது, குடுவையிலோ உடலிலோ என்னும் மூன்று வினாக்களையும் முதலிற் கேட்டல் வேண்டும்.

9. முடிவுரை

இவ்வரிய பொருளைத் தமிழில் உரைத்தல் இயலுமோ என ஐயுறுவார் உளர். 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் போந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; 1875 ஆம் ஆண்டிற் கெமிஸ்தம் என்னும் இரசாயன நூலையும் தமிழில் வெளிவரச் செய்தார். அயல்நாட்டார் ஒருவர் அன்று துணிந்ததை இம்மண்ணிற் பிறந்த நாம் இன்று துணியாதிருத்தல் தகுமோ? புரி, முறுக்கு, முச்சந்தி, நாற்சந்தி, வலம்புரி, இடம்புரி, அணைவு, முடிச்சு என இக்கட்டுரைக்கு வேண்டிய சொற்களிற் பல, கயிறு திரிப்பாரும் தறி நெய்வாரும் தெருவில் நடப்பாரும் நமக்கு வைத்துவிட்டுப் போனவை. வேண்டுவது, தமிழ் பயில்வோர் ஆய்வகத்தின் வாயிலிற் சென்று வினவுதலும், விஞ்ஞானம் பயில்வோர் தாம் கண்டதைத் தம் தாயர்க்கு விளங்கும் மொழியில் ஒருகாற் சொல்லிப் பார்த்தலுமே.

நம் கல்லூரியில் இவ்விரு வகுப்புக்களுக்கும் இடையே உள்ளது ஒரு முற்றமே. அதனைக் கடந்து செல்லும் மாணவருள் ஒருவரேனும், நல்லணுவை வருத்தாது புற்றணுவை மட்டும் பற்றும் சேர்மத்தைத் தேடும் பணியிற் புகுவாராக. நோயாளர் படும் வருத்தத்தை நாம் எண்ணிப் பார்ப்பின் அப்பணியின் அருமை விளங்கும். அத்துணை நுண்ணிய இழையை நம்முள் நூற்று வைத்த இறைவன், அதனைப் படிக்கும் அறிவையும் பிறர் நோய் தீர்க்கும் அன்பையும் நமக்கு ஒருங்கே அருள்வானாக.